பொலன்னறுவை சிறுநீரக வைத்தியசாலையும் அதன் தண்ணீரும்

பொலன்னறுவையில் இருக்கும் தேசிய சிறுநீரக விசேட வைத்தியசாலை, சீன அரசாங்கம் இலங்கைக்கு நன்கொடையாகக் கட்டிக்கொடுத்தது. 2018ஆம் ஆண்டு ஜூலை மாதம் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அடிக்கல் நாட்டினார். 2021 ஜூன் 11ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ திறந்துவைத்தார். நாடு முழுவதும் கொரோனாப் பயணத்தடை போட்டிருந்த நாட்கள் அவை. செலவு ஏறத்தாழ 12 பில்லியன் ரூபா. 200 கட்டில்கள், 100 இரத்தச் சுத்திகரிப்பு (டயலிசிஸ்) இயந்திரங்கள், 6 சத்திரசிகிச்சைக் கூடங்கள். சிறுநீரக நோய்க்கென்றே அமைந்த வைத்தியசாலைகளில் தெற்காசியாவிலேயே பெரியது என்று அப்போது சொல்லப்பட்டது.

கிழக்கில் முஸ்லிம்கள் வாழும் ஓட்டமாவடியிலிருந்து அங்கே போக ஏறத்தாழ 70 கிலோமீற்றர். புனாணை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி என்று போகும் பாதை. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும் புதிய பாலம் ஜப்பான் தந்தது, 2007இல் திறந்தார்கள். அதற்கு முன்பு, பழைய ஓட்டமாவடிப் பாலத்தில் நடந்ததைப் போலவே, அங்கும் ரயிலும் லொறியும் ஒரே இரும்புப் பாலத்தில் முறை வைத்துப் போய்வந்தன. பாதைக்குத் தெற்கே இருக்கும் மாதுறு ஓயா அணை கனடாவின் உதவியில் 1983இல் முடிந்தது. ஆகவே வெளிநாட்டு உதவி இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதினமான சங்கதி இல்லை. ஆனால் பாலத்துக்கும் அணைக்கும் உதவி வாங்குவது ஒரு விதம், ஆஸ்பத்திரிக்கு வாங்குவது வேறு விதம். பாலம் கட்டி முடிந்த பிறகு வருடத்துக்கு ஒரு தடவை வண்ணம் பூசினால் பெரும்பாலும் போதும். ஆஸ்பத்திரிக்கோ திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையிலிருந்துதான் செலவு தொடங்குகிறது.

சிறுநீரகத்துக்கென்று ஒரு பெரிய வைத்தியசாலை ஏன் பொலன்னறுவையில் வந்தது என்பதற்குக் காரணம் நெல்வயலில் இருக்கிறது. 1990களில் வட மத்திய மாகாணத்தின் மதவாச்சி, பதவிய, மெதிரிகிரிய போன்ற இடங்களில் வைத்தியர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். நீரிழிவு இல்லை, உயர் இரத்த அழுத்தம் இல்லை, ஆனால் சிறுநீரகம் பழுதாகிறது. நோயாளிகளில் பெரும்பாலானோர் நடுத்தர வயது ஆண்கள், வெயிலில் வேலை செய்யும் விவசாயிகள். வலி கிடையாது. கால் வீங்கி, களைத்து, சாப்பாடு பிடிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி ஏற்கனவே வேலையை விட்டிருக்கும்.

காரணம் என்ன என்று கேட்டால் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் ஃப்ளோரைட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். கட்மியம், ஆர்செனிக் போன்ற உலோகங்கள் என்றவர்கள் இருந்தார்கள். களைநாசினி கிளைபோசேட் மீது சந்தேகம் எழுந்து 2015இல் அது தடைசெய்யப்பட்டு, பின்னர் தடை தளர்ந்தது. வெயிலில் வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காமல் வருடக்கணக்கில் உழைப்பதே முக்கியம் என்போரும் உண்டு. நிகரகுவாவிலும் எல் சல்வடோரிலும் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு இதே சாயலில் ஒரு நோய் வருவது அவர்கள் பக்கத்துக்குப் பலம் சேர்க்கிறது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் என்ற தென்னந்தோப்புப் பகுதியிலும் இந்த நோய் இருக்கிறது. அங்கே பலாசா என்ற ஊரில் மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் 200 கட்டில் வைத்தியசாலை ஒன்றை 2023 டிசம்பரில் திறந்தது.

அடிக்கல் நாட்டிய சிறிசேனவின் சொந்த மாவட்டம் பொலன்னறுவை. தலைவரின் சொந்த ஊரில் எழும்பும் கட்டடத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது நியாயம்தான். மேற்கு ஆபிரிக்காவில் லைபீரியாவின் தப்பிட்டா ஊரில் ஒரு வைத்தியசாலை இருக்கிறது. அதையும் சீனாதான் கட்டிக்கொடுத்தது, 2011இல் திறந்தார்கள். நவீன கட்டடம், நவீன கருவிகள். ஆனால் தலைநகர் மொன்ரோவியாவிலிருந்து நெடுந்தூரம்; திறந்த காலத்தில் மழை பிடித்தால் சேறாகும் மண் பாதை, பொது மின்சாரம் எட்டாத இடம். நாள் முழுக்க ஜெனரேட்டர் ஓட வேண்டியிருந்தது. நாட்டின் மிகச் சிறந்த கருவிகள் மக்கள் தொகை குறைந்த இடத்தில் போய் இருக்கின்றன என்ற குறை அங்கே நெடுநாளாக உண்டு. பொலன்னறுவையின் கதை அப்படி இல்லை. நோய் எங்கே இருக்கிறதோ அங்கேயே கட்டடம் எழும்பியது. அரசியல்வாதியின் ஆசையும் மக்களின் தேவையும் ஒரே மாவட்டத்தில் சந்தித்துக்கொண்டது அதிர்ஷ்டம்.

வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய அரச வைத்தியசாலைகள் இலங்கையில் இன்னும் பல உண்டு. ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை ஜப்பான் தந்தது. 1984 செப்டம்பரில் திறந்தபோது 1001 கட்டில்கள். அதை நிர்வகிக்கத் தனிச் சட்டம் போட்டு ஒரு சபை அமைத்தார்கள், நோயாளிகளிடம் ஓரளவு கட்டணமும் வாங்கினார்கள். 1951க்குப் பிறகு இலவச வைத்தியத்தையே வழக்கமாகக் கொண்ட நாட்டில், இலவசமாகக் கிடைத்த ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது! மலையகத்தில் டிக்கோயா வைத்தியசாலையின் 150 கட்டில் கட்டடம் இந்தியா தந்தது; 2017 மே 12ஆம் திகதி பிரதமர் நரேந்திர மோடி வந்து திறந்தார். காலியில் ஜெர்மன் உதவியோடு எழும்பிய மகளிர் வைத்தியசாலைக்குத் தனிக் கதை இருக்கிறது. 2004 ஆழிப்பேரலை அடித்தபோது ஜெர்மனியின் முன்னாள் அதிபர் ஹெல்முட் கோல் தென்கரையில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார், ஹெலிகொப்டரில் மீட்கப்பட்டார். அதன் பிறகு அவர் கொடுத்த வாக்கு நிறைவேறிக் கதவு திறந்தது 2024 மார்ச்சில்.

எந்த நாடு தந்தாலும் நன்கொடைக்கு ஒரு பொது இலக்கணம் உண்டு. கட்டடம் வரும், இயந்திரம் வரும், சில காலம் பயிற்சி வரும். மருந்து, மின்கட்டணம், தாதியர் சம்பளம், உதிரிப்பாகம் எல்லாம் வாங்கும் நாட்டின் பொறுப்பு. இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது. 100 இயந்திரங்கள் ஒன்றாக வந்தால் அவை ஒன்றாகவே கிழடாகும். டயலிசிஸ் இயந்திரத்தின் ஆயுள் பொதுவாக 7 முதல் 10 வருடம். வருடத்துக்குப் பத்துப் பத்தாக வாங்கிய ஆஸ்பத்திரிக்குச் செலவு பரந்து வரும். நன்கொடையாக ஒரேயடியாக வாங்கிய ஆஸ்பத்திரிக்கு ஒரு வருடத்தில் மொத்தமும் தலையில் விழும். அந்த வருடத்துக்கான கணக்கைத் திறப்பு விழாவிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

சரி, டயலிசிஸ் எப்படி நடக்கிறது? நேயர்கள் இங்கே சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். இந்த வைத்தியசாலையின் உயிர் எங்கே இருக்கிறது என்பது இதில்தான் விளங்கும்.

நல்ல சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சி, ஒன்று அல்லது ஒன்றரை லீற்றரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. இவை பழுதானால், இரத்தத்தைக் குழாய் வழியே வெளியே எடுத்து, நுண்துளைச் சவ்வாலான ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளுக்குள் ஓடவிடுகிறார்கள். இழைகளுக்கு வெளியே உப்புகள் அளவாகக் கலந்த தண்ணீர் எதிர்த்திசையில் ஓடும். யூரியாவும் மற்றக் கழிவும் சவ்வைத் தாண்டித் தண்ணீருக்குள் போய்விடும். இரத்தம் உடம்புக்குத் திரும்பும். நான்கு மணித்தியாலம் இப்படி. கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை.

அந்தத் தண்ணீர் நிமிடத்துக்கு அரை லீற்றர் வீதம் ஓடுகிறது. நான்கு மணித்தியாலத்துக்கு 120 லீற்றர். கிழமைக்கு மூன்று தடவை என்றால் ஒரு நோயாளியின் இரத்தம் 360 லீற்றர் தண்ணீரோடு உறவாடுகிறது. நாளுக்கு இரண்டு லீற்றர் குடிக்கிற ஒருவர் அதே கிழமையில் குடிப்பது 14 லீற்றர். இன்னொரு வித்தியாசமும் உண்டு. குடிக்கிற தண்ணீர் வயிற்றையும் குடலையும் கடந்து வருகிறது. வேண்டாததைக் குடல் நிறுத்தும், ஈரல் முறிக்கும். டயலிசிஸ் தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் இடையில் இருப்பது அந்த மெல்லிய சவ்வு மட்டுந்தான். சவ்வின் துளைக்கு நஞ்சும் நல்லதும் தெரியாது. சிறியது எதுவும் உள்ளே போகும்.

அதனால் ஒவ்வொரு டயலிசிஸ் பிரிவுக்கும் பின்னால், நோயாளிகள் பார்க்காத ஒரு அறை இருக்கிறது. அதுதான் தண்ணீர் சுத்திகரிக்கும் அறை. முதலில் மணலும் தூசும் நிற்கும் வடிகட்டி. அடுத்தது கல்சியம், மக்னீசியம் இரண்டையும் எடுத்துத் தண்ணீரை மென்மையாக்கும் தொட்டி. அதற்கடுத்தது கரித்தொட்டி. கடைசியில் அழுத்தத்தோடு தண்ணீரைச் சவ்வுக்குள் தள்ளும் ஆர்.ஓ. இயந்திரம். அங்கிருந்து எங்கும் தேங்காமல் சுற்றிக்கொண்டேயிருக்கும் குழாய் வளையம். இந்த வளையத்தில் பாசி பிடித்தாலும், ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி நின்றாலும் கிருமி வளர்ந்து நோயாளிக்குக் குளிர்க்காய்ச்சல் வரும். ஆகவே வளையத்தையும் காலத்துக்குக் காலம் கிருமிநீக்கம் செய்ய வேண்டும்.

கரித்தொட்டியின் வேலை குளோரினைப் பிடிப்பது. குழாய்த் தண்ணீரில் குளோரின் போடுவது குடிப்பவரைக் காப்பாற்ற. அதே குளோரினும், அதிலிருந்து உண்டாகும் குளோரமினும் டயலிசிஸ் தண்ணீரில் இருந்தால் செங்குருதிக் கலங்கள் உடையும். அதனால் நல்ல பிரிவுகளில் ஒவ்வொரு முறை நோயாளிகளை இணைப்பதற்கு முன்பும் ஒருவர் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்து, புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடுவார். அந்தப் புத்தகத்தில் ஒரு நாள் இடம் வெறுமையாக இருந்தால், அன்று ஆஸ்பத்திரி கண்ணை மூடிக்கொண்டு ஓடியது என்று பொருள்.

உலகம் இதைக் கொடுமையான வழிகளில் கற்றது. 1970களில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் டயலிசிஸ் செய்த சிலருக்குப் பேச்சுத் தடுமாறியது, வலிப்பு வந்தது, புத்தி மங்கியது. தண்ணீரைத் தெளியவைக்கப் போடும் படிகாரத்தின் அலுமினியம் மூளையில் சேர்ந்திருந்தது. கலங்கல் தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைப்பது எந்த ஊருக்கும் பழக்கமான கைவைத்தியம். குடிப்பதற்கு அதில் பெரிய கேடு இல்லை. கிழமைக்கு 360 லீற்றர் என்று வரும்போது கணக்கு மாறிவிடுகிறது.

அதைவிடக் கொடியது பிரேசிலின் கருவாரு நகரத்தில் 1996இல் நடந்தது. வறட்சிக் காலம். குளத்துத் தண்ணீரைப் பவுசரில் கொண்டுவந்து ஒரு டயலிசிஸ் நிலையத்துக்கு ஊற்றினார்கள். குளத்தில் நீலப்பச்சைப் பாசி பரவியிருந்தது. தண்ணீர் போதிய அளவு சுத்திகரிக்கப்படவில்லை. பாசியின் நஞ்சு சவ்வைத் தாண்டி இரத்தத்தில் கலந்து ஈரலைத் தாக்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிறுநீரகம் பழுதாகி உயிர் பிழைக்க வந்தவர்கள், ஈரல் கெட்டுப் போனார்கள். வறட்சியும் பவுசரும் பாசி படர்ந்த குளமும் வடக்கு கிழக்கிலோ வட மத்தியிலோ யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியவை இல்லை.

இப்போது பொலன்னறுவைக்குத் திரும்பினால், அங்கே உள்ள முரண்பாடு தெரியும். கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாய்ப் படியும் மாவட்டம் அது. எந்தத் தண்ணீர்மேல் நோயின் பழி விழுகிறதோ, அந்த நோய்க்குச் சிகிச்சை தருவதற்கும் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கான லீற்றர். 100 இயந்திரமும் நாளுக்கு இரண்டு முறை ஓடினால் சுத்தத் தண்ணீர் மட்டும் 24,000 லீற்றர். ஆர்.ஓ. சவ்வு உள்ளே வரும் தண்ணீரில் ஒரு பகுதியை உப்போடு சேர்த்து வெளியே தள்ளுவதால் மூலத் தண்ணீர் அதைவிடக் கூட வேண்டும். தண்ணீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு சீக்கிரம் சவ்வு அடைக்கும். மென்மையாக்கும் தொட்டிக்கு உப்பு போடுவதை ஒருவர் மறந்தால் போதும், ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான சவ்வு கல்லாய்ப் போகும். இதையெல்லாம் பார்த்துக்கொள்கிற தொழில்நுட்பவியலாளரின் பெயர் எந்த நினைவுக்கல்லிலும் பொறிக்கப்படுவதில்லை.

கிராமங்களுக்கும் இதே ஆர்.ஓ. முறைதான் போனது. 2015 முதல் இலங்கைக் கடற்படை தானே வடிவமைத்த சுத்திகரிப்பு நிலையங்களை நோய் பரவிய கிராமங்களில் நூற்றுக்கணக்கில் நிறுவியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போத்தலில் பிடித்துக்கொண்டு போகும் ஆர்.ஓ. தண்ணீரும், வைத்தியசாலையின் மறைந்த அறையில் ஓடும் தண்ணீரும் ஒரே குடும்பம். பிந்தியது இன்னும் கறாரானது.

இயந்திரம் பிறந்த கதையிலும் நன்கொடை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், கம்பன் என்ற சிறு நகரத்து வைத்தியர் வில்லெம் கொல்ஃப், சொசேஜ் சுற்றும் செலோஃபேன் உறையை மர உருளையில் சுற்றி 1943இல் முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். முதல் நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். போர் முடிந்ததும் கொல்ஃப் தான் செய்த இயந்திரங்களை லண்டன், நியூயார்க் உள்ளிட்ட இடங்களின் ஆஸ்பத்திரிகளுக்குச் சும்மா கொடுத்துவிட்டார். காப்புரிமை கேட்கவில்லை.

தண்ணீரிலேயே நேரம் போய்விட்டது. மிச்சத்தைச் சுருக்க வேண்டும். நான்கு அல்லது ஐந்து நோயாளிக்கு ஒரு தாதி என்று வைத்தாலும், 100 இயந்திரத்துக்கு ஒரு முறை மாற்றத்தில் இருபது முதல் இருபத்தைந்து வரை பயிற்சி பெற்ற தாதியர் வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் வடிகட்டிக் குழல், இரத்தக் குழாய், ஊசி, உப்புக் கரைசல், இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின். பெரும்பாலானவை டொலர் கொடுத்து வாங்குபவை. 2022 மார்ச்சில் டொலர் தீர்ந்தபோது பேராதனை போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. கட்டடம் எந்தக் கீறலும் இல்லாமல் அப்படியே நின்றது. அதே நெருக்கடிக்குப் பிறகு விசேட வைத்தியர்கள் பலர் வெளிநாடு போனார்கள். கிழக்கிலிருந்து போகும் தமிழ் பேசும் நோயாளிக்கு இன்னொரு சிரமம் மொழி. சிங்களத்தில் இருக்கும் மருந்துச் சீட்டை விளங்கிக்கொள்ள வீட்டில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போகிறார்கள். கிழமைக்கு மூன்று நாள் என்றால் துணைக்குப் போகிறவரின் கூலியும் போகும்.

டயலிசிஸ் காலம் கடத்தும் சிகிச்சை. நிரந்தரமானது மாற்றுச் சிறுநீரகம். இலங்கையில் முதல் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை 1985இல் நடந்தது. அதன் முன்னோடிகளில் இருவர், சிறுநீரக வைத்தியர் பேராசிரியர் ரெஸ்வி ஷெரீஃபும் சத்திரசிகிச்சை நிபுணர் பேராசிரியர் ஏ. எச். ஷெரீஃப்டீனும். மனித இழைய மாற்றுச் சட்டம் 1987இல் வந்தது. மார்க்கத்தில் அனுமதி உண்டா என்ற கேள்வி ஓட்டமாவடியில் எழாமல் இருக்காது. இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988இல் உறுப்பு தானத்தை நிபந்தனைகளோடு அனுமதித்து, விற்பதைத் தடுத்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர், உடம்பு அதை நிராகரிக்காமலிருக்கும் மருந்துகளை ஆயுள் முழுவதும் நாள் தவறாமல் விழுங்க வேண்டும்.

கிழக்குக் கரையோரத்தில், வயல்நோயைவிட நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான் சிறுநீரகத்தைக் கூடுதலாகத் தாக்குகின்றன. இவை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்க வேண்டும். ஒரு ஊசிக் குத்து, ஒரு சின்னப் போத்தல் சிறுநீர். சீனி பார்க்கப் போகும் அதே கிளினிக் நாளில், கொப்பியை நீட்டும்போதே கேட்கலாம்.